ஒரு நடைக்கு ஒரு குச்சி

மனைவி அடுப்படியிலிருந்து சாப்பாட்டு மேசைக்கு வந்தால் ஒரு குச்சி. வலது கை சோற்றில் இருக்கும், இடது கை நோட்டில் இருக்கும். சாப்பிடும்போதும் எழுத வேண்டுமே என்பதற்காகவே இடது கையால் குச்சி போடப் பழகிக்கொண்டவர் டைம்கீப்பர். நாலு குச்சி நட்டமாக, ஐந்தாவது குறுக்காக. சாப்பாடு முடிவதற்குள் இரண்டு கட்டு சேர்ந்துவிடும்.

“உப்புக்கு ஒரு நடை, தண்ணிக்கு ஒரு நடை, கரண்டிக்கு ஒரு நடை. மூணையும் ஒரே நடையில கொண்டு வந்திருக்கலாம்,” என்பார்.

“வந்திருக்கலாம். நீங்க ஒரு நடை எழுந்திருச்சு வந்து எடுத்திருந்தா எனக்கு மூணும் மிச்சம்,” என்பாள் மனைவி.

அதில் உள்ள நியாயத்தை ஓரமாகக் குறித்துக்கொள்வார். குறித்துக்கொள்வாரே தவிர எழுந்திருக்க மாட்டார்.

வேலை பஸ் டிப்போவில். வாசல் கேட்டை ஒட்டி, ஓர் ஆள் உட்கார்ந்தால் இன்னோர் ஆள் வெளியே நிற்க வேண்டிய அளவுக்கு ஒரு கூண்டு. அதில் ஒரு சன்னல், ஒரு சுவர்க்கடிகாரம், அதை நம்பாமல் அவர் கையில் கட்டியிருக்கும் இன்னொரு கடிகாரம், தலையணை மொத்தத்துக்கு ஒரு பதிவேடு. எந்த வண்டி எத்தனை மணிக்குப் புறப்பட்டது, எத்தனை மணிக்குத் திரும்பியது என்று எழுதுவதுதான் முப்பத்தொரு வருடமாக உத்தியோகம். வண்டி இந்த முனையிலிருந்து அந்த முனை போய்ச் சேர்ந்தால் அதற்கு ஒரு நடை என்று பேர். பிதுங்கிக்கொண்டு போனாலும் நடைதான், ஈ ஓட்டிக்கொண்டு போனாலும் நடைதான். பின்னதைக் காலி நடை என்பார்கள்.

ரப்பர் என்ற பொருளை அவர் கையால் தொட்டதில்லை. பதிவேட்டில் அழிப்பது குற்றம். தப்பாக எழுதிவிட்டால் ஒரு கோடு இழுத்து அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். முப்பத்தொரு வருடத்தில் அவர் அப்படிப் போட்ட கையெழுத்து நாலு. நாலும் எந்தத் தேதி என்று கேட்காமலே சொல்வார். நாலில் ஒன்று கடிகாரத்தின் தப்பு என்பதையும் சேர்த்துச் சொல்வார்.

எண்ணுகிற புத்தி தாய்வழியில் வந்தது. தாய்மாமன்களில் மூத்தவர் செங்கல் சூளையில் வண்டி எண்ணினார். கட்டைவிரல் ஒன்று போய் விரல் ஒன்பதுதான், ஆனால் கணக்கு ஒருநாளும் குறைந்ததில்லை. அவருடைய இரண்டாவது மகள், கல்யாணமாகிப் போன முதல் நாளே, “மாடிக்குப் பதினேழு படி, அதுல ஒன்பதாவது ஆடுது” என்று சொல்லி மாமியாரைக் கலங்கடித்தாள். பிற்பாடு அந்த மாமியார் விழுந்ததும் ஒன்பதாவதில்தான். அவளுக்கு நேர் இளையவன் மட்டும் எண்ணுகிற புத்தியே இல்லாமல் பிறந்தான். அவனுக்கு எட்டுப் பிள்ளைகள்.

டிப்போவுக்கு ஒரு கூடைப்பந்து அணி உண்டு. டிரைவர், கண்டக்டர், பட்டறை ஆட்கள் சேர்ந்தது. வண்டி கழுவும் இடத்துக்குப் பின்னால் சிமெண்டுக் களம். வருடா வருடம் துறைகளுக்குள் நடக்கும் போட்டியில் ஆடுவார்கள், வருடா வருடம் தீயணைப்பு நிலையத்திடம் தோற்பார்கள். பதினோரு வருடத் தோல்வி. அதில் அதிசயமும் இல்லை. அவர்களுக்கு ஓடுவதும் ஏணி ஏறுவதும் தொழில், இவர்களுக்கு உட்கார்ந்திருப்பது தொழில்.

டைம்கீப்பர் வாழ்நாளில் பந்தை எடுத்து எறிந்தவரில்லை. ஒருமுறை அது தானே உருண்டு வந்து காலில் முட்டியபோது, “யாரு வண்டிய்யா இது, வழியில நிக்குது” என்று கேட்டவர். அப்படிப்பட்டவர் களத்தோரம் போய் உட்காரக் காரணம் மச்சினன்.

மச்சினன் என்றால் மனைவியின் ஒரே தம்பி. அதே டிப்போவில் கண்டக்டர். அம்மா போனபோது அவனுக்கு வயது ஆறு, அக்காவுக்குப் பதினான்கு. இடுப்பில் வைத்து வளர்த்தவள். பெண் பார்த்த இரண்டு இடமும் தட்டிப்போனதில் அவன் தனிக்கட்டையாகவே நின்றுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு அக்கா வீட்டில் என்பது இருபது வருட ஏற்பாடு. இப்போது அவனுக்கு நாற்பத்தொன்று, முன்தலை வழுக்கை. ஆனாலும் அவனுக்கு வியர்த்தால் அக்காவுக்குப் பொறுக்காது. “சாயங்காலம் சும்மாதானே இருக்கீங்க. துண்டையும் தண்ணிப் பாட்டிலையும் எடுத்துட்டுப் போய் அவன் பக்கத்துல உக்காருங்க” என்று அனுப்பினாள். போய் உட்கார்ந்தார். இரண்டு கையும் சும்மா இருந்தது. சும்மா இருக்கிற கை அந்த வம்சத்தில் கிடையாது. நோட்டை எடுத்தார்.

முதல் மாதத்திலேயே ஒன்றைக் கண்டுபிடித்தார். பந்து நம் கைக்கு வந்து, கடைசியில் கூடையில் விழுந்தோ எதிராளி கைக்குப் போயோ முடிந்தால் அது ஒரு நடை. நம் நடை முடிந்தால் அவன் நடை, அவன் நடை முடிந்தால் நம் நடை. ஆகவே ஆட்டம் முடிகிறபோது இரண்டு பக்கமும் ஒரே அளவு நடைதான் ஓடியிருக்க முடியும். ஒன்று இரண்டு முன்னே பின்னே இருக்கலாம், அவ்வளவுதான்.

அணிக்குக் கோச், விடியற்காலை முதல் வண்டி எடுக்கும் பெரிய டிரைவர். அவருக்குத் தெரிந்த தந்திரம் ஒன்றே ஒன்று, வேகம். “ஓடுங்கடா, ஓடுங்கடா” என்று கோட்டோரம் கத்திக்கொண்டே இருப்பார். கால்வாசி ஆட்டம் மிச்சமிருக்கும்போதே ஆட்களுக்கு ரேடியேட்டர் கொதித்துவிடும். ஒருநாள் ஓய்வறையில் டைம்கீப்பர் நோட்டோடு அவர் எதிரில் போய் நின்றார்.

“அண்ணே, வேகமா ஓடினா நமக்கு நடை கூடும்னு நெனைக்கிறீங்க. அவனுக்கும்தானே கூடுது.”

“கூடட்டுமே.”

“தீயணைப்புக்காரன் நூறு நடை போனா அம்பது தரம் கூடையில போடுறான். நம்ம ஆளுங்க நாப்பதுதான். நூறு நடை ஓடினா பத்து கூடை பின்தங்குறோம். அதையே அறுபது நடையா குறைச்சா ஆறு கூடைதான். ஆறுன்னா, அவனுக்கு ஒரு கெட்ட நாள், நமக்குச் சாதகமா ரெஃபரி ஊதுற ஒரு விசில், சமாளிச்சுரலாம். எளியவனுக்கு நடை கம்மியா இருக்கணும்ணே. வலியவன்தான் ஓடணும்.”

“பஸ்ஸு வர்ற நேரத்தை எழுதுற ஆளு நீ. பந்து போற விஷயம் உனக்கு என்னய்யா தெரியும்? என்னை மெதுவா போகச் சொல்றியா? என் வண்டியையே நான் மெதுவா ஓட்டினதில்ல.”

“தெரியும்ணே. நீங்க மூணு நிமிஷம் முன்னாடியே வந்து நின்ன தேதி எல்லாம் எங்கிட்ட இருக்கு.”

பெரிய டிரைவர் அதோடு டீயைக் குடிக்க ஆரம்பித்துவிட்டார்.

அந்த வருடம் டிப்போ அணி ஆடிய ஆட்டத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பாதிப்பேர் தூங்கிப்போனதால் பார்த்தவர்கள் தொகை குறைவு. ஒரு நடைக்கு இருபத்துநாலு விநாடி அனுமதி. இவர்கள் இருபது விநாடி பந்தை ஒருவருக்கொருவர் நலம் விசாரிப்பது போலக் கொடுத்து வாங்கிக்கொண்டு, கடைசி நாலில் எறிவார்கள். எதிராளிக்குப் பொறுமை போய்விடும். குடிநீர் வாரியம் தோற்றது. தபால் துறை தோற்றது. அதற்குப் பிறகு பெரிய டிரைவர் நோட்டைப் பார்க்காமல் செருப்பைக்கூட மாட்டுவதில்லை.

மனிதனுக்கு ஒரு பேச்சு பலித்துவிட்டால் அடுத்த பேச்சுக்கு வாய் நமநமவென்று அரிக்கும். டைம்கீப்பர் பழைய நடைத்தாள்களின் முதுகில் களத்தை வரைந்தார். யார் எங்கே நின்று எறிந்தாலும் அந்த இடத்தில் ஒரு குறி. விழுந்தால் வட்டம், விழாவிட்டால் பெருக்கல். பன்னிரண்டு ஆட்டம் முடிந்தபோது படத்தில் ஓரிடம் மட்டும் எள்ளைக் கொட்டியது போல் கறுத்துக் கிடந்தது. மச்சினன் நிற்கிற இடம்.

மூன்று புள்ளிக்கான கோட்டுக்கு ஓர் அடி உள்ளே, வலது பக்கம். அங்கே நின்று, ஒரு காலை மடக்கி, ஓடும் பஸ்ஸின் படியில் தொங்குகிறவன் மாதிரி உடம்பைச் சாய்த்து எறிவான். பார்க்க அழகுதான். அழகுக்குப் புள்ளி கிடையாதே.

“மாப்ளே, ஒரு அடி பின்னால போனா அதே எறிக்கு மூணு புள்ளி. நாலு எட்டு உள்ள போனா சுலபமா ரெண்டு. நீ ரெண்டும் இல்லாம நடுவுல நிக்கிறே. ஸ்டாப் இல்லாத இடத்துல வண்டியை நிறுத்தின கதையா இருக்கு.”

“அது என் இடம் அத்தான்.”

“இடமா? யாரு எழுதிக் குடுத்தா?”

எழுதிக் கொடுத்தது டிப்போவின் சாக்கடை. களத்தில் சரியாக அந்த இடத்துக்கு ஓர் அடி பின்னால்தான் எண்ணெய்த் தண்ணீர் போகும் வடிகாலின் இரும்பு மூடி இருக்கிறது. மிதித்தால் வழுக்கும். இருபது வருடமாக மூடிக்கு முன்னால் நின்று எறிந்து பழகியவனுக்கு, மூடியே இல்லாத களத்திலும் கால் பின்னால் போகாது. போதாக்குறைக்கு அந்தக் கூடை வளையத்தை ஒரு காலத்தில் பின்னோக்கி வந்த வண்டி ஒன்று இடித்து, வளையம் இடது பக்கம் திரும்பியிருந்தது. பட்டறை வெல்டர் அதை நிமிர்த்திப் பற்றவைத்த பிறகும் மச்சினன் கை நிமிரவில்லை. தவறினால் இடது பக்கம்தான் தவறும்.

தொண்ணூற்றாறு எறி. விழுந்தது முப்பத்தொன்று. மிச்சம் அறுபத்தைந்தும் காலி நடை என்று டைம்கீப்பர் எழுதினார். வீட்டில் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். பெரிய டிரைவர் காதில் மட்டும் போட்டிருக்கலாம். அவரோ படத்தைக் கொண்டுபோய் டிப்போ அறிவிப்புப் பலகையில், வண்டியில் விட்டுப்போன குடைகளின் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டினார்.

மறுநாள் பெரிய டிரைவர் மச்சினனைப் பெஞ்சில் உட்கார வைத்தார். மச்சினன் துண்டை நாலாக மடித்தான். தண்ணீர்ப் பாட்டிலைத் துடைத்தான். இரண்டையும் கூண்டின் சன்னல் வழியாக உள்ளே வைத்தான்.

“தொலைஞ்ச சாமான்ல சேர்த்துக்குங்க அத்தான்,” என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வரவில்லை. மேசையில் மூன்று தட்டு இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் மூன்று தட்டு. மனைவி கணவரோடு பேசுவதை நிறுத்திவிட்டுக் குளிர்சாதனப் பெட்டியோடு பேச ஆரம்பித்திருந்தாள்.

“இந்த வீட்ல சில பேரு எல்லாத்தையும் எண்ணுவாங்க. தட்டை மட்டும் எண்ண மாட்டாங்க,” என்பாள் பெட்டியைத் திறந்து. சோறு ஒரே ஒரு தடவைதான் வந்தது. “நடை குறைஞ்சா நல்லதாம்,” என்பாள் பெட்டியை மூடி.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை டைம்கீப்பர் இடது கையை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். குச்சி போட ஒன்றும் இல்லை. முப்பது வருடத் தாம்பத்தியத்தில் அவள் நடையில்லாத வீடு எத்தனை பெரியது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. போய் மச்சினனைக் கூப்பிடலாம். ஆனால் என்ன சொல்லிக் கூப்பிடுவது? கணக்கு கணக்குதானே. பொய்க்கணக்கு எழுதி உறவைக் காப்பாற்ற அந்தத் தாய்மாமன் பரம்பரையில் யாருக்கும் தெரியாது.

ஆனால் கணக்கிலேயே ஒரு முள் உறுத்திக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் நடை சமமாக இருக்க வேண்டும் என்று சொன்னது அவரேதான். அவருடைய நோட்டிலோ டிப்போவுக்கு அறுபத்தெட்டு நடை, எதிராளிக்கு அறுபத்துமூன்று என்று ஒவ்வோர் ஆட்டத்திலும் துருத்திக்கொண்டு நின்றது. பார்வை மங்கிவிட்டது, ஒன்றை இரண்டாகப் பார்க்கிறோம் என்று முடிவுகட்டிப் புதுக் கண்ணாடி வாங்கினார். கண்ணாடி வந்த வாரமும் மச்சினன் பெஞ்சுக்குப் போன வாரமும் ஒன்று. வித்தியாசம் அப்போதே பாதியாகக் குறைந்தது. கண்ணாடிக் கடைக்காரரைப் போய்ப் பார்த்துப் பாராட்டிவிட்டு வந்தார்.

இன்னொன்று, அணியிலேயே அதிகமாகக் கூடையில் போடுகிற வெல்டர். ஆறடி மூன்றங்குலம், அதிகம் பேசாதவன். அவனைத்தான் டிப்போவின் சொத்து என்று டைம்கீப்பர் எழுதி வைத்திருந்தார். அவனுக்கும் இந்த மூன்று வாரமாகப் பந்தே கிடைக்கவில்லை. முழங்கால் கோளாறாக இருக்கும் என்று டைம்கீப்பர் ஒரு சீசா தைலம் வாங்கிக் கொடுத்தார். வெல்டரும் மறுக்காமல் தேய்த்துக்கொண்டான். அரையிறுதியில் மின்சாரத் துறையை ஒரே ஒரு புள்ளியில் தாண்டினார்கள். அதுவும் அவர்களுடைய முக்கிய ஆள் தன் ஷூக் கயிறு தடுக்கியே விழுந்ததால்.

இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள் காலை ஏழே முக்காலுக்குப் பாலத்து மேல் ஒரு வண்டி நின்றுவிட்டது. மாற்று வண்டி போய் ஆட்களை ஏற்றிக்கொண்டுபோய்க் கடைசி முனையில் விட்டது. பத்து மணிக்குப் புதிதாகச் சேர்ந்த கண்டக்டர் பெண் நடைத்தாளோடு சன்னலுக்கு வந்தாள்.

“சார், பாலம் வரைக்கும் ஒரு நடை, அப்புறம் மாத்து வண்டியில ஒரு நடை. ரெண்டாப் போட்டுரவா?”

“ஏம்மா, சனம் ஒரு தரம்தானே ஏறுச்சு? போய்ச் சேர்ற வரைக்கும் அது ஒரே நடைதான். வண்டி மாறினா நடை மாறிடுமா? மொத வண்டி பாதி தூரம் கொண்டு வந்துச்சு, மாத்து வண்டி மீதியைக் கொண்டு போச்சு. நின்ன வண்டிக்குக் காலி நடைன்னு எழுதி, பின்னால வந்த வண்டிக்குப் புது நடைன்னு எழுதினா, மொத டிரைவருக்கு எவ்வளவு பெரிய அநியா—”

காதிடுக்கிலிருந்த பென்சில் விழுந்தது. அவர் குனிந்து எடுக்கவில்லை.

“சார், என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்லம்மா. ஒரே நடைன்னு எழுது. ஒருத்தனுக்கு அநியாயம் பண்ணிட்டேன்.”

மதியச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமலே நோட்டுகளைத் திறந்தார். மச்சினன் எறி தவறியதும் காலி நடை என்று ஒரு குச்சி. அதே பந்தை வெல்டர் பிடித்துக் கூடையில் போட்டதும் புது நடை என்று இன்னொரு குச்சி. பந்து எதிராளி கைக்குப் போகவே இல்லை, நடை எங்கே முடிந்தது? ஒன்றை இரண்டாகப் பார்த்தது கண்ணில்லை, புத்தி. மறுபடி எண்ணினார். தவறிய அறுபத்தைந்தில் இருபத்தொன்பது வெல்டர் கைக்கு வந்திருந்தது. அதில் இருபத்திரண்டு கூடையில் விழுந்திருந்தது. முப்பத்தொன்றும் இருபத்திரண்டும் ஐம்பத்துமூன்று. தொண்ணூற்றாறு நடையில் ஐம்பத்துமூன்று போய்ச் சேர்ந்துவிட்டது. மற்றவர்கள் எறிந்த நடைகளையும் இதே விதமாக எண்ணிப் பார்த்தார். நூற்றுக்கு நாற்பத்துநாலைத் தாண்டவில்லை. எள்ளைக் கொட்டிய இடம்தான் களத்திலேயே விளைச்சல் நிலம்.

பட்டறைக்குப் போனார். வெல்டர் முகமூடியைத் தூக்கினான்.

“அவன் எறிஞ்சு தவறினா நீ எப்படிய்யா அங்க நிக்கிறே?”

“அவரு எப்ப எறிவாருன்னு தெரியும் சார். எங்க தவறும்னும் தெரியும். வளையத்தை நிமித்தினவன் நான்தானே. முன்னாடியே போய் நின்னுக்குவேன், ஸ்டாப்புல நிக்கிற மாதிரி.”

“இதை ஏன்யா எங்கிட்ட சொல்லலை?”

“நீங்க கேக்கலை சார். தைலம்தான் குடுத்தீங்க.”

டைம்கீப்பர் அறிவிப்புப் பலகைக்குப் போய்ப் படத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். வாழ்நாளில் ஐந்தாவது கையெழுத்து. பிறகு வேலை நேரத்தில் கூண்டை விட்டு வெளியே வந்து, நிழலில் நின்ற ஒரு வண்டியில் ஏறினார். அவர் பஸ்ஸில் ஏறியதைப் பார்த்து இரண்டு மெக்கானிக்குகள் வேலையை நிறுத்தினார்கள். கடைசிச் சீட்டில் மச்சினன் தனியாக உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

“மாப்ளே.”

“டிக்கெட் எடுத்துட்டீங்களா?”

“கணக்கு தப்பாயிடுச்சு.”

“யாரு கணக்கு?”

“என் கணக்குதான்.”

மச்சினன் பொட்டலத்தைக் கீழே வைத்தான். இந்த வார்த்தையை அந்த வாயிலிருந்து கேட்ட முதல் ஆள் அவன்தான்.

“நீ தவறவிட்டதெல்லாம் வீண்னு எழுதினேன். வீண் இல்ல. நீ தவறவிட்டா வெல்டர் எடுத்துப் போட்டுர்றான். பாக்கப்போனா, நீ தவறவிடறதுதான் நம்ம டீமோட பெரிய பலம்.”

மச்சினன் அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

“அத்தான், இப்ப நீங்க மன்னிப்புக் கேக்கறீங்களா, திட்டறீங்களா?”

“பாராட்டறேன்யா. வேற எவன் தவறவிட்டாலும் பந்து எங்கயோ போகுது. நீ தவறினாலும் டைமுக்குத் தவறுறே, சொன்ன இடத்துல தவறுறே.”

“அப்ப நான் கூடையில போட்டா?”

டைம்கீப்பர் யோசித்தார். யோசித்திருக்கக் கூடாது.

“அதுவும் நல்லதுதான்.”

“எறங்குங்க அத்தான். வண்டி எடுக்கப் போறாங்க.”

டிரைவரே இல்லாத வண்டியிலிருந்து டைம்கீப்பர் இறங்கினார்.

மறுநாள் பெரிய டிரைவர் கூப்பிட்டதற்காக மச்சினன் ஆட வந்தான். அக்காவும் வந்தாள். கணவருக்கும் தனக்கும் நடுவில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு, அதில் அந்தத் துண்டையும் பாட்டிலையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தீயணைப்புக்காரர்கள் வழக்கம்போல் நெருப்பைப் பார்த்தது போல ஓடினார்கள். இவர்கள் வழக்கம்போல் நலம் விசாரித்தார்கள். மச்சினன் தன் இடத்தில் நின்று, காலை மடக்கி எறிந்தான். விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. மூன்று, நாலு, ஐந்து. வீம்புக்குப் போடுகிறவன் கை தவறாது என்பார்கள். ஒவ்வொன்று விழுந்ததும் திரும்பி அத்தானை ஒரு பார்வை பார்த்தான். இடது பக்கம் போய் நின்ற வெல்டர் ஐந்து தரமும் வெறுங்கையோடு திரும்பினான்.

“எழுதுங்க,” என்றாள் மனைவி. மூன்று வாரத்தில் அவரிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை. “நல்லாப் பெருசா எழுதுங்க.”

நல்லாப் பெரிசாகவே எழுதினார்.

வீம்பு அரை ஆட்டத்துக்குத்தான் தாங்கும். பிற்பாதியில் தவறியது, வெல்டர் பிடித்தான். விழுந்தது, பிறகு தவறியது, வெல்டர் மறுபடி பிடித்தான். ஐம்பத்தெட்டு நடை முடிந்தபோது டிப்போ நாற்பத்தெட்டு, தீயணைப்பு நாற்பத்தொன்பது. ஐம்பத்தொன்பதாவது நடைக்குப் பந்து வந்தபோது இருபத்தோரு விநாடி மிச்சம். கொடுத்தார்கள், வாங்கினார்கள், கொடுத்தார்கள். பெரிய டிரைவர் பிறவியிலேயே முதல்தடவையாக, “மெதுவா, மெதுவா” என்று கத்தினார். ஐந்து விநாடி இருக்கையில் பந்து மச்சினனிடம் வந்தது. இல்லாத வடிகால் மூடிக்கு ஓர் அடி முன்னால் நின்று, ஒரு காலை மடக்கினான்.

அரங்கம் முழுக்கப் பந்தைப் பார்த்தது. டைம்கீப்பர் ஒருவர்தான் பார்க்கவில்லை. அவர் இடது பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே வெல்டர், கடைசி வண்டிக்கு நிற்கிறவன் போல, முன்னமே வந்து நின்றிருந்தான். வளையத்தில் பந்து பட்ட சத்தம் கேட்டது. பிறகு அது சொன்ன இடத்துக்கு, சொன்ன நேரத்துக்கு வந்து சேர்ந்தது. ஐம்பதுக்கு நாற்பத்தொன்பது.

பதினோரு வருடம் காத்திருந்து கிடைத்த கோப்பை உப்பு ஜாடி அளவுக்குத்தான் இருந்தது. அதை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டிருந்த கூட்டத்தில் மச்சினன் அத்தானைத் தாண்டிப் போகும்போது நின்றான்.

“அது தவறல. வெல்டருக்குக் குடுத்த பாஸ்.”

“பின்னே? என் தம்பி வேணும்னுதான் அப்படிப் போட்டான்,” என்றாள் அக்கா.

டைம்கீப்பர் வாயைத் திறந்தார். மனைவியைப் பார்த்தார். மூடிக்கொண்டார். மச்சினன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெல்டரோடு போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மேசையில் மூன்று தட்டு இருந்தது. ஒரு மணி ஆயிற்று. மனைவி பெட்டியைத் திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை. ஒன்று மூன்றுக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. இருபது வருடத்தில் அவன் தாமதமாக வந்தது அதுவே முதல் தடவை. டைம்கீப்பர் கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகத் திருப்பிவிட்டுக்கொண்டார்.

ஆண்கள் இருவரும் தட்டைப் பார்த்துக் குனிந்தே சாப்பிட்டார்கள். மனைவி மட்டும் அடுப்படிக்கும் மேசைக்கும் ஓடிக்கொண்டே இருந்தாள். கரண்டிக்கு ஒரு நடை, தண்ணீருக்கு ஒரு நடை, ஒன்றுமே எடுத்து வராமல் தம்பி முகத்தைப் பார்க்க மட்டும் இரண்டு நடை. இடது கை சும்மா இருக்கவில்லை. நாலாவது கட்டு நிறையப் போகிற நேரத்தில் மச்சினன் கையைக் கழுவி, காகிதத்தில் துடைத்தான். காகிதத்தை உருண்டையாகச் சுருட்டினான். அடுப்படி மூலையில் குப்பைக்கூடை. நின்ற இடத்திலிருந்தே, ஒரு காலை மடக்கி எறிந்தான்.

கூடையின் விளிம்பில் பட்டு இடது பக்கம் விழுந்தது.

அக்கா கையில் கரண்டி அப்படியே நின்றது. டைம்கீப்பர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். போய்க் குனிந்து, உருண்டையை எடுத்துக் கூடையில் போட்டார். திரும்பி வந்து உட்கார்ந்து, நோட்டில் ஒரே ஒரு குச்சி போட்டார்.